ரோட்டில் டயர் தடம் இல்லைன்னா பிரேக்கே பிடிக்கலைன்னு அர்த்தமா? ஏபிஎஸ் கார் விபத்துகளில் உண்மையைக் கண்டுபிடிப்பது எப்படி?

நெடுஞ்சாலையில் ஒரு கார் விபத்து நடந்தால், ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே கூட்டம் கூடிவிடும். அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருத்தர் ரோட்டைக் குனிந்து பார்ப்பார். நாலு அடி முன்னே போவார், நாலு அடி பின்னே வருவார். அப்புறம் தீர்ப்பே சொல்லிவிடுவார்: "பிரேக்கே பிடிக்கல சார், பாருங்க, ரோட்டுல ஒரு கோடு கூட இல்ல."

இருபது வருஷத்துக்கு முன்னாடி என்றால் இந்தப் பேச்சை ஓரளவு நம்பலாம். இன்னைக்கு இது பெரும்பாலும் தப்பாகப் போக வாய்ப்பு இருக்கு. காரணம், இப்போது வரும் கார்களில் எல்லாம் இருக்கும் ஏபிஎஸ். டிரைவர் தன் முழு பலத்தோட பிரேக்கை மிதித்திருந்தாலும், ரோட்டில் பளிச்சென்று கறுப்புக் கோடு விழாமல் இருக்கலாம்.

சாதாரண விஷயம் மாதிரி தெரியலாம். ஆனால் ஒருத்தர் ஜெயிலுக்குப் போவதும், இன்னொரு குடும்பத்துக்கு இழப்பீடு கிடைப்பதும் சில நேரம் இந்தக் கோட்டை வைத்துத்தான் முடிவாகுது. அதனால் டயர் தடம் என்ன சொல்லும், என்ன சொல்லாது, ஏபிஎஸ் வந்த பிறகு என்ன மாறியது என்று விரிவாகப் பார்க்கலாம்.

டயர் தடம் எப்படி விழுது?

கார் ஓடும்போது டயர் ரோட்டில் உருளுது. உருளும்போது டயரின் ஒவ்வொரு பகுதியும் ரோட்டைத் தொட்டுவிட்டு மேலே போயிடும். அதனால் தடம் எதுவும் பெரிதாக விழாது. பிரேக்கை ஒரேயடியாக அழுத்தினால் சக்கரம் சுற்றுவது நின்றுவிடும். இதைத்தான் 'வீல் லாக்' ஆகிறது என்கிறார்கள். சக்கரம் நின்றுவிட்டது, ஆனால் கார் நிற்கவில்லை. அப்போது டயரின் ஒரே இடம் ரோட்டோடு தேய்ந்துகொண்டே போகும்.

அந்தத் தேய்ப்பில் வரும் சூடு சாதாரணமானது இல்லை. தார் ரோடாக இருந்தால் தார் இளகி இழுபடும், கூடவே டயர் ரப்பரும் ஒட்டும். கான்கிரீட் ரோடு என்றால் ரப்பர்தான் அதிகம் ஒட்டும். நாம் பார்க்கும் கறுப்புக் கோடு இதுதான்.

கோடு எடுத்தவுடனே கறுப்பாக ஆரம்பிக்காது. முதலில் நிழல் மாதிரி மங்கலாகத் தெரியும், சூடு ஏற ஏற கறுக்கும். மங்கலான அந்த ஆரம்பப் பகுதியைத் தவறவிட்டால் தடத்தின் நீளம் குறைந்துபோகும், வேகமும் குறைவாகக் கணக்காகும். நின்றுகொண்டு பார்த்தால் அது தெரியாமல் போகலாம். தரையோடு தரையாகக் குனிந்து, தடம் போகும் திசையில் பார்த்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும்.

இன்னொரு விஷயம். பிரேக் போட்டால் காரின் எடை முன்பக்கம் சாயும். அதனால் முன் டயர்களின் தடம் அழுத்தமாக இருக்கும், அதிலும் இரண்டு ஓரங்கள் கூடுதல் கறுப்பாக இருக்கும். பின் டயர் தடம் லேசாக இருக்கும். அனுபவம் உள்ள ஆய்வாளர் இதைப் பார்த்தே எது முன் சக்கரம், எது பின் சக்கரம் என்று சொல்லிவிடுவார்.

கோட்டில் இருந்து வேகத்தை எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

இதற்கு பள்ளிக்கூட இயற்பியல் போதும். ஓடும் காரிடம் இருக்கும் இயக்க ஆற்றல் முழுவதையும், டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் உராய்வு தின்று தீர்க்கணும். எவ்வளவு தூரம் தேய்த்தது, எவ்வளவு பிடிப்பு இருந்தது என்ற இரண்டும் தெரிந்தால் வேகம் வந்துவிடும். காரின் எடை கணக்கிலேயே வராது என்பதுதான் பலருக்கும் ஆச்சரியம்.

கணக்கு இப்படி: தடத்தின் நீளத்தை மீட்டரில் எடுத்துக்கணும். அதை உராய்வு எண்ணால் பெருக்கி, வருவதை 254-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும்.

காய்ந்த நல்ல தார் ரோட்டில் உராய்வு எண் சுமார் 0.7 என்று வைத்துக்கொள்வோம். 25 மீட்டர் தடம் இருந்தால், வேகம் மணிக்கு சுமார் 67 கி.மீ. இது கார் தேய்ந்தே வந்து நின்றுவிட்டால். தேய்ந்து வந்து, இன்னும் 40 கி.மீ. வேகம் மிச்சம் இருக்கும்போது எதிலாவது மோதியிருந்தால்? 67-ஐயும் 40-ஐயும் கூட்டி 107 என்று சொல்லக் கூடாது. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கணும். அப்படிச் செய்தால் சுமார் 78 கி.மீ. வரும். நேரடியாகக் கூட்டுவது ஒரு டிரைவரை 30 கி.மீ. கூடுதல் வேகத்துக்குக் குற்றவாளி ஆக்கிடும்.

இன்னொரு பொறியும் இருக்கு. நேராகப் போகும் காரில் பின் டயர், முன் டயர் தடத்தின் மேலேயே ஏறி வரும். ரோட்டில் தெரியும் மொத்தக் கோட்டை அப்படியே அளந்தால், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரமும் சேர்ந்துவிடும். 25 மீட்டர் கோட்டில் இரண்டரை மீட்டரைக் கழித்துப் பார்த்தால், வேகம் 67-ல் இருந்து 63 ஆக இறங்கும்.

இப்படி வரும் வேகத்தை 'குறைந்தபட்ச வேகம்' என்றுதான் சொல்லணும். சக்கரம் லாக் ஆவதற்கு முன்பே பிரேக் வேலை செய்ய ஆரம்பித்திருக்கும், அந்த வேகக் குறைவு கோட்டில் பதியாது. அதேபோல், டிரைவர் ஆபத்தைப் பார்த்து காலைத் தூக்கி பிரேக்கில் வைக்க ஒன்றரை நொடி ஆனது என்றாலே, 100 கி.மீ. வேகத்தில் கார் சுமார் 42 மீட்டர் ஓடியிருக்கும். அதற்கும் ரோட்டில் அடையாளம் கிடையாது.

290 மீட்டர் தடம்... ஒரு பழைய வழக்கு

பொதுச் சாலையில் பதிவான மிக நீளமான டயர் தடம் என்று கின்னஸ் சாதனைப் புத்தகம் சொல்வது, இங்கிலாந்தில் 1960 ஜூன் 30-ம் தேதி நடந்த ஒரு விபத்தை. லூட்டன் அருகே எம்1 நெடுஞ்சாலையில் ஒரு ஜாகுவார் கார் விட்டுச்சென்ற தடத்தின் நீளம் 290 மீட்டர். பின்னர் உயர் நீதிமன்றத்தில் வந்த வழக்கில், பிரேக் போடுவதற்கு முன் அந்தக் கார் மணிக்கு 160 கி.மீ.க்கும் மேல் போயிருக்கும் என்று சாட்சியம் சொல்லப்பட்டது.

மேலே சொன்ன கணக்கில் 290 மீட்டரைப் போட்டு, உராய்வு 0.7 என்று வைத்தால் மணிக்கு 227 கி.மீ. வருது. உராய்வை பாதியாக்கி 0.35 என்று வைத்தால் சரியாக 160 கி.மீ.க்கு வந்து நிற்குது. ஒரே கோடுதான். பிடிப்பு எவ்வளவு என்று நினைக்கிறோம் என்பதில் மட்டும் 67 கி.மீ. வித்தியாசம். அதனால்தான் உராய்வு எண்ணை புத்தகத்தில் பார்த்து எழுதாமல், அதே ரோட்டில், அதே மாதிரி வானிலையில், ஒரு காரை ஓட்டி பிரேக் போட்டு அளக்கணும் என்கிறார்கள் நிபுணர்கள். மழை ஈரம், மணல், தேய்ந்துபோன தார், டயர் நிலைமை எல்லாமே இந்த எண்ணை மாத்தும்.

வேகத்தை விட முக்கியமான தகவல்

டயர் தடம் என்றால் வேகம் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. உண்மையில் நீதிமன்றத்தில் அதிகம் சண்டை நடப்பது வேறு கேள்வியில்: மோதல் ரோட்டின் எந்தப் பக்கம் நடந்தது?

தேய்ந்துகொண்டே வரும் கார் எதிலாவது மோதினால், அந்த நொடியில் டயர் சட்டென்று பக்கவாட்டில் தள்ளப்படும். நேராக வந்த கோடு ஒரு இடத்தில் முறிந்து திரும்பும். அந்த முறிவுதான் மோதிய இடம். இரண்டு டிரைவரும் "அவன்தான் என் பக்கம் வந்தான்" என்று சொல்லும்போது, பொய் சொல்லத் தெரியாத சாட்சி அது மட்டும்தான்.

கோடுகளில் வேறு வகைகளும் உண்டு. வளைவில் வேகமாகத் திரும்பி கார் பக்கவாட்டில் வழுக்கினால், சக்கரம் சுற்றிக்கொண்டே தேயும். அப்போது வளைந்த தடம் விழும், அதற்குள் சாய்வாக மெல்லிய கீறல்கள் இருக்கும். இதில் இருந்தும் வேகம் கணக்கிடலாம், ஆனால் கணக்கு வேறு, வளைவின் ஆரத்தை அளக்கணும். நடுவில் சில மீட்டர் இடைவெளி விட்டு மறுபடி ஆரம்பிக்கும் தடம், டிரைவர் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்ததைக் காட்டும். சின்னச் சின்ன இடைவெளியோடு புள்ளி வைத்த மாதிரி வந்தால், லோடு இல்லாத லாரியின் சக்கரம் துள்ளித் துள்ளி வந்திருக்கலாம். பளிச்சென்று கறுப்பாக ஆரம்பித்து போகப் போக மங்கினால் அது பிரேக்கே இல்லை, ஆக்சிலரேட்டரை அழுத்திக் கிளம்பியது.

இவ்வளவு பேசும் சாட்சியைத்தான் ஏபிஎஸ் கிட்டத்தட்ட ஊமையாக்கிவிட்டது.

ஏபிஎஸ் என்ன செய்யுது?

சக்கரம் லாக் ஆகிவிட்டால் இரண்டு பிரச்சினை. ஒன்று, சுற்றாத டயருக்கு பிடிப்பு குறையும். இரண்டாவதுதான் பெரிய ஆபத்து: ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் திரும்பாது, நேராகவே போகும். எதிரே நிற்கும் மாட்டையோ ஆளையோ பார்த்துக்கொண்டே போய் மோத வேண்டியதுதான்.

டயருக்கு அதிகப் பிடிப்பு கிடைப்பது, அது உருள வேண்டிய வேகத்தை விட சுமார் 10 முதல் 20 சதவீதம் மெதுவாக உருளும்போதுதான். அந்த எல்லையில் சக்கரத்தை வைத்திருப்பதே ஏபிஎஸ் வேலை. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சார் இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று நிற்கப் போகுது என்று தெரிந்தால், கணினி அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயில் அழுத்தத்தை நொடியில் குறைக்கும், சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் மறுபடி கூட்டும். ஒரு நொடிக்குள் இது பல முறை நடக்கும். பிரேக் பெடல் காலுக்கு அடியில் கடகடவென்று அதிர்வது அதனால்தான். பிரேக் கெட்டுப்போச்சு என்று பயந்து காலை எடுத்துவிடுகிற டிரைவர்களும் இருக்காங்க. அப்படி எடுக்கக் கூடாது, அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பணும்.

இந்த யோசனை முதலில் விமானத்துக்கு வந்தது. 1950-களில் டன்லப் நிறுவனத்தின் மேக்சரெட் அமைப்பு விமானச் சக்கரங்களில் பயன்பட்டது. அதுவே 1966-ல் ஜென்சன் எஃப்எஃப் என்ற காரில் வந்தது. இப்போது இருக்கிற மாதிரி மின்னணு ஏபிஎஸ்-ஸை போஷ் நிறுவனம் 1978-ல் மெர்சிடஸ் எஸ் கிளாஸ் காரில் கொண்டுவந்தது. இந்தியாவில் ரொம்ப காலம் அது விலை உயர்ந்த மாடல்களுக்கு மட்டும்தான். 2019 ஏப்ரலில் இருந்து புதிதாக விற்கும் கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம் ஆனது.

அதாவது, இன்னைக்கு நம்ம ரோட்டில் ஏபிஎஸ் இல்லாத பழைய காரும், ஏபிஎஸ் உள்ள புது காரும் கலந்து ஓடுது. விபத்து இடத்துக்கு வரும் போலீஸ்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த வண்டியில் ஏபிஎஸ் இருக்கா, அது வேலை செய்ததா என்பதுதான்.

அப்போ ஏபிஎஸ் கார் தடமே விடாதா?

விடும். ஆனால் அது வேற மாதிரி இருக்கும். ஏபிஎஸ் வேலை செய்யும்போதும் டயர் கொஞ்சம் வழுக்கிக்கொண்டுதான் போகுது. அதனால் மங்கலான, சில சமயம் விட்டு விட்டு வரும் தடம் விழலாம். பழைய ஏபிஎஸ்-களில் இந்த விட்டு விட்டு வரும் தன்மை நல்லா தெரியும். புது அமைப்புகள் அழுத்தத்தை நுணுக்கமாகக் கையாளுவதால் தடம் இன்னும் மெல்லிசாகிவிட்டது. வெயில் சாய்வாக விழும் நேரத்தில், தாழ்வான கோணத்தில் பார்த்தால் கிடைக்கும். உச்சி வெயிலில் நின்றுகொண்டு பார்த்தால் கிடைக்காது. பத்து லாரி மேலே போய்விட்டாலோ, ஒரு மழை பெய்துவிட்டாலோ அவ்வளவுதான்.

குழப்பும் இடங்கள் இன்னும் இருக்கு. கார் நிற்கப் போகும் கடைசி சில அடிகளில், வேகம் ரொம்பக் குறைந்ததும் ஏபிஎஸ் விலகிக்கொள்ளும். அப்போது சக்கரம் லாக் ஆகி ஒரு குட்டிக் கறுப்புக் கோடு விழலாம். "இவ்வளவு தூரம்தான் பிரேக் பிடிச்சிருக்கான்" என்று அந்தக் கோட்டை மட்டும் அளந்தால் கணக்கு மொத்தமும் தப்பு. மோதிய பிறகு உடைந்த பம்பரோ ஃபெண்டரோ டயரில் சிக்கி சக்கரத்தை நிறுத்தினாலும் பளிச்சென்று கோடு விழும். அதில் டிரைவரின் காலுக்கு சம்பந்தமே இல்லை.

தலைகீழாகவும் நடக்கும். ஏபிஎஸ் உள்ள காரில் நீளமான கறுப்புத் தடம் நேராக இருந்தால், சென்சார் பழுதாகி ஏபிஎஸ் வேலை செய்யாமல் போயிருக்கலாம். டாஷ்போர்டில் ஏபிஎஸ் லைட் எரிந்துகொண்டே இருந்தும் கண்டுகொள்ளாமல் ஓட்டியிருந்தால், அது வண்டி உரிமையாளர் பக்கம் போகும் கேள்வி.

கணக்கிலும் ஒரு வேறுபாடு வருது. காய்ந்த ரோட்டில் ஏபிஎஸ் கார், லாக் ஆன காரை விட கொஞ்சம் வேகமாக வேகத்தைக் குறைக்கும். அதனால் ஏபிஎஸ் இல்லாத காரில் சோதனை செய்து எடுத்த உராய்வு எண்ணை ஏபிஎஸ் காருக்குப் போட்டால், உண்மையான வேகத்தை விடக் குறைவாகத்தான் வரும். ஜல்லி, மணல் கொட்டிய இடத்தில் கதை மாறும். அங்கே லாக் ஆன சக்கரம் முன்னால் மணலைக் குவித்து அதில் முட்டி நிற்கும், சுற்றிக்கொண்டே இருக்கும் ஏபிஎஸ் சக்கரம் தாண்டிப் போகும்.

சட்டத்தில் இதுக்கு என்ன மதிப்பு?

விபத்து எஃப்ஐஆர் எதை எடுத்தாலும் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற வரி இருக்கும். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 279, 304ஏ பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106 பிரிவுகள். அலட்சியத்தால் மரணம் ஏற்படுத்தினால் பழைய சட்டத்தில் அதிகபட்சம் 2 வருடம் ஜெயில், புதிய சட்டத்தில் 5 வருடம் வரை. தண்டனை கூடியிருக்கும்போது ஆதாரமும் அதற்குத் தக்கபடி இருக்கணும் இல்லையா?

கர்நாடக அரசு எதிர் சதீஷ் என்ற வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னது. லாரி கவிழ்ந்து பலர் இறந்த வழக்கு அது. 'அதிவேகம்' என்று சாட்சிகள் சொன்னார்கள் என்பதாலேயே அலட்சியம் நிரூபணமாகிவிடாது, அதிவேகம் என்பதே ஒப்பிட்டுச் சொல்லும் வார்த்தைதான், எவ்வளவு வேகம் என்பதை அரசுத் தரப்புதான் காட்டணும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். எவ்வளவு வேகம் என்று காட்ட போலீசிடம் ரொம்ப காலமாக இருந்த ஆதாரம் டயர் தடம்தான். பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் அதைக் குறித்துவைப்பார்கள்.

ஏபிஎஸ் காரில் தடம் இல்லாதபோது, மகஜரில் "பிரேக் பிடித்த தடம் இல்லை" என்று ஒரு வரி எழுதினால் என்ன ஆகும்? எழுதியவர் பார்த்ததைத்தான் எழுதினார். ஆனால் இரண்டு வருடம் கழித்து கோர்ட்டில் அந்த வரியைப் படிப்பவர்கள், "டிரைவர் பிரேக்கே போடவில்லை" என்று புரிந்துகொள்ளலாம். இரண்டும் ஒன்று இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத் தெரிந்தவராக இருந்தால், போலீஸ் தரப்பு அங்கேயே தடுமாறும். தெரியாதவராக இருந்தால், முழு பலத்தோட பிரேக் போட்ட டிரைவர் மாட்டிக்கொள்வார்.

இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அளவுகோல் வேறு. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஆனால் இறந்தவர் மேலும் பாதித் தப்பு என்று முடிவானால் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகையும் பாதியாகும். தடத்தைத் தப்பாகப் படிப்பது பாதிக்கப்பட்டவரையும் அடிக்கும், டிரைவரை மட்டும் இல்லை.

தமிழ்நாட்டில் மோட்டார் வாகன ஆய்வாளரை ஜனங்க 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் சொல்வாங்க. விபத்து வண்டியைப் பார்த்து, இயந்திரக் கோளாறால் விபத்து நடந்ததா இல்லையா என்று அறிக்கை கொடுப்பது அவர்தான். பெடல் அழுத்தினால் பிரேக் பிடிக்குதா என்று பார்த்த காலம் போய், ஏபிஎஸ் கணினியில் பழுதுக் குறியீடு ஏதாவது பதிவாகியிருக்கா என்று ஸ்கேனர் மாட்டிப் பார்க்க வேண்டிய காலம் வந்திருக்கு.

ரோடு பேசலைன்னா கார் பேசும்

தடம் போன இடத்துக்கு வந்திருப்பது, காருக்குள்ளேயே இருக்கும் நினைவகம். ஏர்பேக்கை இயக்கும் கணினியில் 'ஈடிஆர்' எனப்படும் நிகழ்வுப் பதிவு வசதி பல கார்களில் இருக்கு. விமானக் கறுப்புப் பெட்டி மாதிரி எல்லாவற்றையும் எப்போதும் பதிவு செய்யாது, பேச்சையும் பதிவு செய்யாது. மோதல் நடந்தால் அதற்கு முந்தைய சில நொடிகளை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அமெரிக்க விதிகளின்படி இந்தப் பதிவில் மோதலுக்கு முந்தைய 5 நொடிகளின் வேகம், ஆக்சிலரேட்டர் நிலை, பிரேக் அழுத்தப்பட்டதா இல்லையா என்பதெல்லாம் இருக்கணும். அரை நொடிக்கு ஒரு முறை பதிவு. ஏபிஎஸ் வேலை செய்ததா என்பதையும் பல கார்கள் பதிவு செய்யும். ஐரோப்பிய யூனியனில் 2024 ஜூலையில் இருந்து விற்பனையாகும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் இது கட்டாயம்.

நம்ம நாட்டில் பலருக்கும் நினைவிருக்கும் உதாரணம், டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்து. 2022 செப்டம்பர் 4, மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில், சூர்யா ஆற்றுப் பாலத்தில் தடுப்பில் கார் மோதியது. முதலில் போலீஸ் சொன்னது சிசிடிவி கணக்கு: சாரோட்டி சோதனைச்சாவடியைத் தாண்டி சுமார் 20 கி.மீ. தூரத்தை 9 நிமிடத்தில் கார் கடந்திருக்கு. அப்படியானால் சராசரி வேகம் மணிக்கு 133 கி.மீ. பிறகு மெர்சிடஸ் நிறுவனம் காரின் பதிவுகளை எடுத்துக் கொடுத்த முதற்கட்ட அறிக்கையில், மோதலுக்கு 5 நொடி முன்பு வேகம் 100 கி.மீ., மோதும்போது 89 கி.மீ. என்று வந்தது.

இந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று முரண்படவில்லை. ஒன்று 20 கிலோமீட்டருக்கான சராசரி, இன்னொன்று கடைசி 5 நொடி. ஆனால் முதல் எண்ணை மட்டும் வைத்து "133-ல் போய் மோதினாங்க" என்று எழுதியிருந்தால் அது தப்பு. கடைசி நொடிகளின் கணக்கை ரோட்டுத் தடம் இவ்வளவு துல்லியமாகக் கொடுத்திருக்காது.

காரின் பதிவும் வேதவாக்கு இல்லை என்பதையும் சொல்லணும். பெரும்பாலான கார்கள் சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துத்தான் தன் வேகத்தைக் கணக்கிடும். சக்கரம் லாக் ஆகி கார் தேய்ந்துகொண்டிருந்தால், பதிவில் வேகம் குறைவாகக் காட்டும். இதில் ஏபிஎஸ் ஒரு நல்லது செய்யுது: சக்கரத்தை நிற்க விடாமல் சுற்ற வைப்பதால், பதிவான வேகம் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். ரோட்டில் இருந்த சாட்சியை அழித்த அதே கருவி, காருக்குள் இருக்கும் சாட்சியைத் தேத்தி விட்டிருக்கு. 'பிரேக் போடப்பட்டது' என்ற பதிவும் பல கார்களில் ஆமாம், இல்லை என்ற அளவில்தான். லேசாகத் தொட்டாலும் ஆமாம், முழுதாக மிதித்தாலும் ஆமாம். எவ்வளவு அழுத்தம் என்பதை வேகம் குறைந்த விதத்தில் இருந்துதான் கணக்கிடணும்.

ஈடிஆர் இல்லாத காருக்கு வேறு வழிகள் இருக்கு. கடை வாசல் சிசிடிவி ஒன்று போதும். நொடிக்கு 25 படம் பிடிக்கும் கேமராவில், 30 மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு மின்கம்பங்களை ஒரு கார் 36 படங்களில் தாண்டினால் வேகம் மணிக்கு 75 கி.மீ. ஆனால் சில கேமராக்கள் நொடிக்கு எத்தனை படம் என்பதை மாற்றிக்கொண்டே இருக்கும், அதைச் சரிபார்க்காமல் எண்ணக் கூடாது. பழைய இழை பல்பு உள்ள வண்டியில் பிரேக் லைட் பல்பையே ஆதாரமாக எடுப்பார்கள். மோதும்போது பல்பு எரிந்துகொண்டிருந்தால் சூடான இழை அதிர்ச்சியில் நீண்டு வளைந்துபோகும். எரியாத பல்பின் இழை அப்படியே இருக்கும், அல்லது பட்டென்று முறியும். எல்இடி வந்த பிறகு அந்த வழியும் குறைந்துகொண்டே வருது.

இந்தியாவிலும் இந்த வேலை நடக்காமல் இல்லை. கோவையை மையமாகக் கொண்ட ஜேபி ரிசர்ச் இந்தியா நிறுவனம் விபத்து இடங்களுக்கே போய் அளந்து தகவல் சேர்க்கும் பணியைப் பல வருடங்களாகச் செய்து வருது. சென்னை ஐஐடியும் தேசிய தகவல் மையமும் சேர்ந்து உருவாக்கிய ஐராட் செயலியில் போலீஸ்காரர் சம்பவ இடத்திலேயே விபத்து விவரம், போட்டோ எல்லாவற்றையும் ஏற்றலாம். முதலில் தொடங்கிய 6 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

பைக் ஓட்டுறவங்களுக்கு இதுல என்ன?

இரு சக்கர வாகனத்தில் கதை கொஞ்சம் வேறு. 125 சிசி-க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2019-ல் ஏபிஎஸ் கட்டாயமானாலும், பல மாடல்களில் இருப்பது 'சிங்கிள் சேனல்'. முன் சக்கரத்துக்கு மட்டும்தான் ஏபிஎஸ். பின் சக்கரம் தாராளமாக லாக் ஆகும், ரோட்டில் ஒற்றைக் கோடு போடும். அந்தக் கோட்டை வைத்து வேகம் கணக்கிடும்போது, முன் சக்கரம் தடமே இல்லாமல் பெரும்பாலான வேலையைச் செய்திருக்கு என்பதைச் சேர்க்காவிட்டால், பைக் போன வேகத்தை விட ரொம்பக் குறைவாக வரும். ஏபிஎஸ் இல்லாமல் காம்பி பிரேக் மட்டும் உள்ள ஸ்கூட்டர்களில் பழைய மாதிரியே தடம் விழும்.

விபத்தில் சிக்கினால் என்ன செய்யணும்?

அடிபட்டவரைக் காப்பாற்றுவது முதல் வேலை, அதில் சந்தேகமே இல்லை. அதன் பிறகு கையில் போன் இருந்தால், வண்டிகளை நகர்த்துவதற்கு முன் ரோட்டைப் படம் எடுக்கணும். நின்றபடி ஒன்று, தரையோடு ஒட்டி ஒன்று, கார் வந்த திசையில் இருந்து ஒன்று. பக்கத்தில் ஒரு மைல்கல்லோ மின்கம்பமோ படத்தில் வந்தால் பின்னாடி தூரம் அளக்க உதவும். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாலும் எடுக்கணும், ஏபிஎஸ் தடம் சில சமயம் படத்தை வெளிச்சம் மாற்றிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

டேஷ்கேம் இருந்தால் மெமரி கார்டை உடனே கழற்றி வைக்கணும், இல்லையென்றால் புதுப் பதிவு பழசின் மேல் ஏறிவிடும். ஈடிஆர் பதிவிலும் இதே ஆபத்து உண்டு. ஏர்பேக் வெடித்த விபத்தின் பதிவு பொதுவாக அழியாமல் பூட்டப்பட்டுவிடும். ஏர்பேக் வெடிக்காத மோதல் என்றால், அடுத்து வரும் இன்னொரு அதிர்ச்சி அந்தப் பதிவை அழித்துவிட வாய்ப்பு இருக்கு. வழக்கு வரும் என்று தெரிந்தால் காரை ஓட்டாமல், பழுது பார்க்கக் கொடுக்காமல், டேட்டாவை எடுக்கச் சொல்லி விசாரணை அதிகாரியிடம் எழுத்துப்பூர்வமாக மனு கொடுக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் ஏர்பேக் கணினியைக் கழற்றி புதுசு மாட்டிவிட்டால், பழையது பெரும்பாலும் காயலான் கடைக்குத்தான் போகும்.